கட்டுரைத் தாள்கட்டு யார் மேசைக்குப் போகிறது?

பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லித் தருவதை மேம்படுத்த பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து வேலை செய்யலாம் என்று ஒரு பள்ளியில் பேச்சு எழுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஆய்வாளர் வரத் தயார், தலைமை ஆசிரியருக்கு மறுப்பில்லை, ஆர்வமுள்ள நான்கைந்து ஆசிரியர்களும் இருக்கிறார்கள். சிக்கல் இதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. சேர்ந்து வேலை செய்வது என்கிற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று ஒட்டாத பல ஏற்பாடுகள் புழங்குகின்றன. சிலவற்றில் ஆசிரியர் சொன்னதைச் செய்யும் ஆள், சிலவற்றில் ஆய்வாளர் வந்துபோகும் விருந்தாளி, ஒன்றிரண்டில் மட்டும்தான் இருவரும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள்.

இவற்றை ஒப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் ரொம்பச் சாதாரணமானது. பிள்ளைகள் எழுதிக் கொடுத்த தாள்கட்டு எங்கே போகிறது, யார் வாசிக்கிறார்கள், வாசித்ததில் தெரியவந்தது எத்தனை நாளில் அதே வகுப்புக்குத் திரும்பி வருகிறது? இவ்வளவுதான்.

ஏன் இந்த அளவுகோல் என்றால், எழுத்து கற்பித்தலின் முழுக் கஷ்டமும் அந்தக் கட்டுக்குள்தான் இருக்கிறது. 40 பேர் வகுப்பு, ஒரு தாளுக்கு 5 நிமிஷம் என்று போட்டாலும் 3 மணி நேரம் 20 நிமிஷம். ஒரு வகுப்புக்கு, ஒரே ஒரு கட்டுரைக்கு. அதை ஆசிரியர் தனியாக, பெரும்பாலும் இரவில், களைப்போடு செய்கிறார். அதனால் சட்டென்று கண்ணில் படும் எழுத்துப்பிழையைச் சுழிப்பதோடு நின்றுவிடுகிறார், வாதம் எங்கே உடைந்தது என்று சொல்ல நேரமில்லை. இன்னொரு ஆசிரியர் அதே தாளைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. 1912-ல் அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் ஒரே ஆங்கிலத் தேர்வுத் தாளின் நகல்களைப் பல பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். 100-க்குப் போட்ட மதிப்பெண்களில் 30-க்கும் மேல் வித்தியாசம் வந்தது. மொழிப்பாடம் என்றால் அப்படித்தான் என்று சிரித்தவர்களுக்காக அடுத்த ஆண்டே வடிவியல் தாளை அனுப்பினார்கள், அதில் வித்தியாசம் இன்னும் அதிகம்! நூறு ஆண்டு தாண்டியும் நல்ல எழுத்து எது என்று ஒரே பள்ளியின் ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசும் வாய்ப்பு அபூர்வமாகத்தான் அமைகிறது.

சரி, ஏற்பாடுகளுக்கு வருவோம்.

முதலாவது, ஆய்வாளர் ஒரு தயார்நிலைத் திட்டத்தோடு வருவது. பாடக்குறிப்பு, பயிற்சி நாட்கள், அட்டைகள், மதிப்பீட்டுத் தாள் எல்லாம் அவர் கையிலேயே இருக்கும், ஆசிரியர் நடத்துவார், முன்னும் பின்னும் தேர்வு வைத்து வித்தியாசத்தை அளப்பார்கள். இந்த வகையில் நன்றாகச் சோதிக்கப்பட்டது கேரன் ஹாரிஸ், ஸ்டீவ் கிரகாம் இருவரும் 1980-களிலிருந்து வளர்த்துவந்த எஸ்ஆர்எஸ்டி முறை, அதாவது பிள்ளை தன் எழுத்தைத் தானே திட்டமிட்டுக் கண்காணிக்கப் பழக்கும் உத்திப் பயிற்சி. எழுதுவதற்கு முன் எண்ணங்களைத் தேர்ந்தெடுப்பது, குறிப்பாக வரிசைப்படுத்துவது, எழுதிக்கொண்டே விரிப்பது என்ற படிகளைப் பிள்ளைகள் மனப்பாடமாகும் அளவுக்குப் பழகுகிறார்கள். ஆசிரியர் முதலில் தானே பலகையில் எழுதிக் காட்டுகிறார், அதுவும் மனசுக்குள் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே: "இந்தக் காரணம் வலுவா இல்லையே, வேற என்ன சொல்லலாம்?" பிறகு சேர்ந்து எழுதுவது, பிறகு மெல்ல மெல்லக் கையை விடுவது.

இதன் பின்னால் இருக்கும் சான்று அசட்டை செய்யக்கூடியதில்லை. கிரகாமும் டோலோரஸ் பெரினும் 4 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான ஆய்வுகளைத் தொகுத்து 2007-ல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதில் எழுத்து உத்திகளை வெளிப்படையாகச் சொல்லித் தருவதற்குக் கிடைத்த விளைவளவு 0.82. புரியும்படி சொன்னால், 100 பேர் வரிசையில் நடுவில் நிற்கிற பிள்ளை, கடைசியிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய 79-ஆவது இடத்துக்கு முன்னேறுவது மாதிரி. சுருக்கி எழுதப் பழக்குவதற்கும் அதே 0.82, சேர்ந்து எழுதுவதற்கு 0.75, சிறு வாக்கியங்களை இணைத்துப் பெரிதாக்கும் பயிற்சிக்கு 0.50. இலக்கணத்தைத் தனியாக நடத்துவதற்குக் கிடைத்தது கழித்தல் 0.32. அந்தக் கடைசி எண்ணைப் பலர் கொடி மாதிரி தூக்கிப்பிடிக்கிறார்கள், ஆனால் பெரும்பாலான அந்த ஆய்வுகளில் இலக்கண வகுப்பு ஒப்பீட்டுக்காக ஓரமாக நிறுத்தப்பட்ட தரப்பு, அதை மேம்படுத்த யாரும் மெனக்கெடவில்லை என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இவ்வளவு நல்ல எண் இருக்கும்போது இதையே எடுத்துக்கொண்டால் என்ன? இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். 2014-ல் வெளிவந்த ஒரு சோதனையில் எஸ்ஆர்எஸ்டி-யைத் தழுவிய திட்டம், ஆரம்பப் பள்ளி முடித்து உயர்நிலைக்குப் போகும் பிள்ளைகளிடம் 9 மாதக் கூடுதல் முன்னேற்றத்துக்குச் சமமான பலனைக் காட்டியது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். பிறகு அதையே இன்னும் நிறையப் பள்ளிகளுக்கு விரித்துச் சோதித்தபோது பலன் வெகுவாகச் சுருங்கிவிட்டது. திட்டம் கெட்டுப்போய்விட்டது என்று நான் சொல்லவரவில்லை. ஒரு முறை சில பள்ளிகளைத் தாண்டிப் பரவும்போது, உடன் பயணிப்பது அட்டைகளும் படிகளின் பெயர்களும்தான், ஏன் அப்படிச் செய்கிறோம் என்ற புரிதல் பாதி வழியிலேயே இறங்கிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

தாள்கட்டுக் கேள்விக்கு இந்த ஏற்பாடு தரும் பதிலும் அதைத்தான் காட்டுகிறது. தாள்கள் வெளியே போகின்றன. பிள்ளை எந்தப் பள்ளி, எந்தக் குழு என்று தெரியாத மதிப்பீட்டாளர்கள் திருத்துகிறார்கள். அது நியாயமான ஏற்பாடு, அப்படிச் செய்யாவிட்டால் முடிவை நம்பவே முடியாது. ஆனால் ஆசிரியருக்குத் திரும்பி வருவது ஒரு சராசரி எண், அதுவும் அந்தப் பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போன பிறகு. இந்த வழியை எடுக்கலாம், தவறில்லை. முக்கியமாக, அனுபவமில்லாத ஆசிரியர்கள் அதிகம் இருக்கும் இடத்தில், எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியாத நிலையில், தயாராக ஒன்று கையில் கிடைப்பது பெரிய நிம்மதி.

இரண்டாவது ஏற்பாடு இதற்கு நேர் எதிர்த் திசை. 1974-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஜேம்ஸ் கிரே என்பவர் தொடங்கிய பே ஏரியா ரைட்டிங் ப்ராஜெக்ட், பின்னால் நேஷனல் ரைட்டிங் ப்ராஜெக்டாக அமெரிக்கா முழுவதும் விரிந்தது. ஆசிரியருக்கு நல்ல பயிற்சி கொடுக்கக்கூடியவர் இன்னொரு நல்ல ஆசிரியர்தான் என்பதும், எழுத்து கற்பிப்பவர் தானும் எழுத வேண்டும் என்பதும் அதன் அடிப்படை. கோடை விடுமுறையில் சில வாரங்கள் பல்கலைக்கழகத்தில் கூடுகிறார்கள், ஒவ்வொருவரும் தம் வகுப்பில் பலித்த ஒன்றை மற்றவர்களுக்கு நடத்திக் காட்டுகிறார்கள், ஆய்வுகளைப் படிக்கிறார்கள், அப்புறம் உட்கார்ந்து எழுதுகிறார்கள். கடைசியில் சொன்னதுதான் கடினம். பல ஆண்டுகளாகப் பிள்ளைகளிடம் "ஒரு பக்கம் எழுது" என்று சொல்லிவந்த ஒருவர், தானே ஒரு பக்கம் எழுதி அதைச் சக ஆசிரியர்கள் முன் படித்துக் காட்டும்போது குரல் நடுங்குவதை ஒரு தடவை அனுபவித்துவிட்டால், அதற்குப் பிறகு சிவப்பு மையை அவர் பிடிக்கும் விதமே வேறு.

வெறும் உற்சாகக் கூட்டம் என்று இதை ஒதுக்க முடியாது. முன்பு சொன்ன 2007 அறிக்கையிலேயே ஒரு சுவையான விஷயம் இருக்கிறது. வரைவு, திருத்தம், மறுவரைவு என்று போகும் செயல்முறை எழுத்துக்கு மொத்தத்தில் கிடைத்த எண் சுமார்தான், 0.32. ஆனால் ஆசிரியர்கள் அதற்கென்று முறையான பயிற்சி பெற்றிருந்த ஆய்வுகளை மட்டும் பிரித்துப் பார்த்தால் 0.46. பயிற்சி இல்லாமல் உயர்வகுப்புகளில் நடத்திய இடங்களில் பலன் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பிறகு நேஷனல் ரைட்டிங் ப்ராஜெக்ட், வாதக் கட்டுரை எழுதுவதற்கென்று உருவாக்கிய திட்டத்தை எஸ்ஆர்ஐ என்ற வெளி நிறுவனம் 10 மாநிலங்களின் 44 கிராமப்புறக் கல்வி மாவட்டங்களில் சோதித்து 2015-ல் முடிவு வெளியிட்டது. குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டதில் திட்டம் கிடைத்த மாவட்டங்களின் பிள்ளைகள் முன்னே இருந்தார்கள். இர்வைன் பல்கலைக்கழகத்தில் கேரல் பூத் ஓல்சன் நடத்திய இன்னொரு திட்டம், வேறு தாய்மொழி பேசும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதுவதற்கானது, அதில் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 46 மணி நேரப் பயிற்சி. பலன் வந்தது. 46 மணி என்ற எண்ணை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒருநாள் பயிலரங்கில் மாற்றம் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் எடுத்துக் காட்டலாம்.

இந்த வழியில் குறை என்ன? தாள்கட்டு பல நேரங்களில் ஆசிரியரின் பையிலேயே இருந்துவிடுகிறது. கோடைக் கூட்டத்தில் பேசப்படுவது பலித்த பாடம், பலிக்காததை யாரும் மேடையேற்றுவதில்லை. ஆய்வாளர் இங்கே ஏற்பாட்டாளராகவோ வாசகராகவோ இருக்கிறார், "உங்களுக்குப் பலித்ததாகத் தோன்றுவது உண்மையிலேயே பலித்ததா?" என்று கேட்கும் இடம் தானாக அமைவதில்லை, மெனக்கெட்டு உண்டாக்க வேண்டும்.

மூன்றாவது, ஜப்பானின் ஜுக்யோ கென்க்யூ, ஆங்கில வழியில் லெசன் ஸ்டடி. மெய்ஜி காலத்திலிருந்தே, அதாவது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே, அங்கே வேர் உள்ள பழக்கம், வெளியுலகில் பரவலாகத் தெரியவந்தது ஸ்டிக்லர், ஹீபர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் 1999-ல் இதைப் பற்றி எழுதிய பிறகு. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை வாரக்கணக்கில் திட்டமிடுகிறார்கள், ஒருவர் நடத்துகிறார், மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகளைக் கவனிக்கிறார்கள், மாலையில் விவாதம், வெளியிலிருந்து வரும் அறிஞர் ஒருவர் கடைசியில் கருத்துச் சொல்கிறார். ஆய்வாளருக்குப் பேசும் முறை கடைசியில்தான் வருகிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விதி.

கணக்குக்கும் அறிவியலுக்கும் இது கச்சிதம். எழுத்துக்கு வரும்போது ஒரு தொல்லை இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கணக்கு வகுப்பில் பிள்ளை யோசிப்பது பேச்சிலும் பலகையிலும் வெளியே தெரியும். எழுத்து வகுப்பில் பார்க்க என்ன இருக்கிறது? முப்பது தலைகள் குனிந்திருக்கும், பேனா ஓடும் சத்தம் கேட்கும், ஒரு பையன் ஜன்னலைப் பார்ப்பான். அவன் யோசிக்கிறானா, சும்மா இருக்கிறானா என்று நாலு பேர் நோட்டோடு நின்றாலும் தெரியாது. தவிர, ஒரு நல்ல கட்டுரை ஒரு பீரியடில் முடிகிற விஷயமில்லை. திங்களன்று எழுதிய வரைவு வியாழனன்று எப்படி மாறியது என்பதில்தான் கற்றல் இருக்கிறது. ஆக, இந்த வடிவத்தை எழுத்துக்கு எடுப்பவர்கள் பாடத்தைக் கவனிப்பதை விட்டு வரைவுகளைக் கவனிக்கும்படி அதை வளைத்துக்கொள்ள வேண்டும். எழுத்து கற்பித்தல் ஆய்வாளர் டொனால்ட் கிரேவ்ஸும் சகாக்களும் 1978 முதல் 1980 வரை அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் அட்கின்சன் என்ற ஊர்ப் பள்ளியில் செய்தது கிட்டத்தட்ட இதுதான். ஈராண்டு வகுப்பிலேயே உட்கார்ந்து, 16 பிள்ளைகளை நெருக்கமாகப் பின்தொடர்ந்து, அவர்கள் எழுதும்போதே பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். முறையான சோதனை இல்லை, தமக்குச் சாதகமானதையே எழுதிவிட்டார்கள் என்று பிற்பாடு கடும் விமர்சனம் வந்தது, அதில் நியாயமும் உண்டு. ஆனால் குழந்தை எழுதுவதைப் பக்கத்தில் அமர்ந்து பார்ப்பது ஆராய்ச்சி என்ற எண்ணத்தையே பல ஆசிரியர்களுக்குக் கொடுத்தது அந்த வேலைதான்.

நான்காவது, நீண்டகாலக் கூட்டு. பள்ளிகளும் ஆய்வுக் குழுவும் பல ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, பள்ளிகள் சொல்லும் பிரச்சினையிலிருந்து தொடங்குவது. அமெரிக்காவின் பாஸ்டனில் கேத்தரின் ஸ்னோ என்ற ஆய்வாளரும் செர்ப் என்ற கல்வி ஆய்வு அமைப்பும் பொதுப்பள்ளிகளோடு சேர்ந்து உருவாக்கிய வேர்ட் ஜெனரேஷன் என்ற திட்டம் நல்ல உதாரணம். நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் பாடநூல்களில் வரும் கல்விச் சொற்களில் தடுக்கி விழுகிறார்கள் என்பது பிரச்சினை. வந்த தீர்வைப் பார்த்தால் ஆசிரியர்கள் அறையில் இருந்தது தெரிகிறது: வாரத்துக்கு ஐந்து சொல், சண்டைபோடத் தோதான ஒரு கேள்வி, நாளுக்கு 15 அல்லது 20 நிமிஷம், அதுவும் மொழி ஆசிரியர் தலையில் மட்டும் கட்டாமல் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கும் பகிர்ந்து, வாரக் கடைசியில் பிள்ளை தன் நிலைப்பாட்டை எழுத வேண்டும். ஆய்வாளர் தனியாக யோசித்திருந்தால் தினம் ஒரு மணி நேரம் கேட்டிருப்பார்.

நான்கில் ஆசிரியருக்கு உண்மையான பங்கு இருப்பது இதில்தான். விலையும் இதில்தான் அதிகம், பணத்தைவிட நாட்களில். ஒருவரையொருவர் நம்பவே முதல் ஆண்டு போய்விடும். நடுவில் தலைமை மாறினால், ஆய்வு நிதி நின்றால், முக்கியமான இரண்டு ஆசிரியர்கள் வேறு ஊருக்குப் போனால் எல்லாம் கலைந்துவிடும். ஒரே ஒரு பள்ளி இதை இழுத்துப் போடுவது கஷ்டம், பல பள்ளிகளுக்குப் பொறுப்பான நிர்வாகம் முன்வந்தால்தான் சரிப்படும்.

ஆசிரியர் தன் வகுப்பில் தானே ஆய்வு செய்வது என்று ஐந்தாவதும் ஒன்று உண்டு. தொடங்கச் சுலபம், தனியாகத் தொடர்வது கடினம். வழிகாட்டி இருந்தால் நல்லது என்பதற்கு மேல் சொல்ல என்னிடம் பெரிதாக இல்லை.

எதை எடுப்பது? நான்கைந்து ஆசிரியர்கள், ஓர் ஆய்வாளர், ஒரு கல்வியாண்டு, பெரிய நிதி இல்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்கு என் பதில்: மூன்றாவதை வளைத்து முதல் பருவத்துக்கு, முதலாவதிலிருந்து ஒரே ஒரு துண்டை உருவி இரண்டாம் பருவத்துக்கு.

முதல் பருவத்தில் எதையும் மாற்ற வேண்டாம். மூன்று வாரத்துக்கு ஒரு முறை எல்லோரும் ஒரே மாதிரி ஒரு எழுத்து வேலை கொடுங்கள். கட்டிலிருந்து 12 தாள்களை, பெயரை மறைத்து, எல்லோரும் வாசியுங்கள், ஆய்வாளரும்தான். மதிப்பெண் போடாமல் இரண்டிரண்டு தாளாகப் பக்கத்தில் வைத்து எது மேல் என்று மட்டும் சொல்லுங்கள். தர்ஸ்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1927-ல் உளவியலுக்காக வகுத்த ஒப்பீட்டுத் தீர்ப்பு முறைதான் இது, இப்போது கட்டுரை மதிப்பீட்டிலும் புழங்குகிறது. எண் போடுவதைவிட இது மனிதருக்கு இயல்பாக வருகிறது, அதோடு எங்கே நீங்கள் ஒத்துப்போகவில்லையோ அங்கேதான் பேச்சு சூடுபிடிக்கும். "இவள் கையெழுத்து அழகா இருக்கு, ஆனா ஒன்றுமே சொல்லலியே" என்று ஒருவர் சொல்ல, "சொல்லியிருக்காளே, மூணாவது பத்தியைப் பாருங்க" என்று இன்னொருவர் மறுக்க, ஆய்வாளர் வாயை மூடிக்கொண்டு குறிப்பெடுக்கும் அந்த ஒன்றரை மணி நேரம் எந்தப் பயிலரங்கிலும் கிடைக்காது. கூடவே மூன்று பிள்ளைகளின் வரைவுகளை மட்டும் தேதி போட்டுச் சேர்த்து வையுங்கள்.

பருவ இறுதியில் உங்கள் பிள்ளைகளிடம் எது குறை என்று ஓரளவு தெரிந்திருக்கும். காரணம் சொல்லத் தெரியவில்லை என்றால் உத்திப் பயிற்சி, வாக்கியங்கள் துண்டுதுண்டாக நிற்கின்றன என்றால் இணைப்புப் பயிற்சி, படித்ததைத் தன் சொல்லில் எழுத வரவில்லை என்றால் சுருக்கி எழுதுதல். ஒன்றே ஒன்று. இங்கே ஆய்வாளரின் அறிவு பொன்னாக உதவும், ஏனென்றால் எந்த முறை எந்த வயதில் எப்படி நடத்தப்பட்டபோது பலித்தது என்ற விவரம் அவரிடம்தான் இருக்கிறது. இரண்டாம் பருவத்திலும் 12 தாள் வாசிப்பை நிறுத்த வேண்டாம், மாற்றம் வந்ததா என்பது அதிலேயே தெரியத் தொடங்கும். அறிவியல் ஆய்வு என்று இதை யாரும் ஏற்க மாட்டார்கள், ஒப்பீட்டு வகுப்பு கிடையாது, எண்ணிக்கை சிறிது. அடுத்த வாரம் என்ன நடத்துவது என்று முடிவெடுக்க இது போதும்.

புதிய ஆசிரியர்களே பெரும்பான்மை என்றால் என் வரிசையைத் திருப்பிப் போட்டு, முதலாவதோடு தொடங்குங்கள். அனுபவசாலிகள் நிறைய இருந்து ஆளுக்கொரு மூலையில் தனியாக உழைக்கிறார்கள் என்றால் இரண்டாவது.

எந்த வழியானாலும் ஆய்வாளரோடு கை குலுக்குவதற்கு முன்பு சில விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்கிவிடுவது நல்லது, பின்னால் கேட்டால் சங்கடம். தாள்களின் நகல் யாரிடம் இருக்கும், பிள்ளைகளின் பெயர் எப்படி மறைக்கப்படும், பெற்றோரிடம் அனுமதி யார் வாங்குவது? முடிவு எங்களுக்கு எப்போது தெரியும், ஆய்விதழில் வந்த பிறகா, இரண்டு வாரத்திலா? கட்டுரை வெளிவந்தால் எங்கள் ஆசிரியர்களின் பெயர் கட்டுரையை எழுதியவர்கள் பட்டியலில் வருமா, நன்றி சொல்லும் பத்தியிலா? பலிக்கவில்லை என்றால் அதையும் எழுதுவீர்களா? இந்தக் கூட்டங்களுக்காக எங்கள் வேலையில் எது குறைக்கப்படும்? கடைசிக் கேள்வி தலைமை ஆசிரியருக்கு. அதற்கு "எதுவும் குறையாது, சமாளித்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தால், மேலே சொன்ன எந்த ஏற்பாடும் வேண்டாம், 12 தாள் வாசிப்பை மட்டும் மாதம் ஒருமுறை என்று வைத்துக்கொண்டு மற்றதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிடுங்கள்.